மாமியின் வேனில் வராமல் போன காற்று

என் மக்களே, உங்கள் மாமியை, என் கூடப்பிறந்த ராத்தாவை, நீங்கள் நோயாளியாக மட்டும்தான் கண்டிருக்கிறீர்கள். எனக்கு அவரை நினைத்தவுடன் வருவது தில்லையடி வீட்டு முற்றத்தில் நின்ற வெள்ளை வேன். டாஷ்போர்டின் முன்தட்டுகள் கழற்றப்பட்டு வயர்கள் வெளியே தொங்கும். அவர் புருஷன், உங்கள் மாமா, தலையை உள்ளே விட்டு, கால்களை வெளியே நீட்டிப் படுத்திருப்பார். பக்கத்தில் கதிரை போட்டு மாமி பார்த்துக்கொண்டிருப்பார்.

சண்டை முடிந்து பாதை திறந்தபோது எங்கள் ஆட்களில் பலர் சொந்த ஊரான முசலிப் பக்கம் போய், எங்களை வெளியேற்றியபோது விட்டுவந்த காணிகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாமிக்கும் அதே ஆசை. குடியிருக்க அல்ல, பிறந்த வளவில் ஒருமுறை நின்றுவிட்டு வந்தால் போதும் என்பார். ஆனால் அவருக்கு முட்டு வருத்தம். தூசி பட்டால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். இலவங்குளம் வழியாகக் காட்டுக்குள் போகும் பாதை முழுக்கச் செம்மண். சுற்றிப் போகும் தார் ரோட்டில் அவ்வளவு நேரம் குந்தியிருக்க அவரால் ஏலாது. கண்ணாடிகளை மூடி, ஏசி போட்டுக் குறுக்கால் போவதுதான் ஒரே வழி. அதற்காகவே, உப்பளத்தில் காவல் வேலை செய்த மாமா அந்தப் பழைய வேனை வாங்கினார்.

அது கற்பிட்டியில் கருவாடு ஏற்றிய வேன். நாற்றம் தெருவரை அடித்தது. "இதுக்குள்ள இருந்து நான் எப்படி ஸலவாத்து ஓதிக்கொண்டு போறது?" என்றார் மாமி. மாமா கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி, தரை விரிப்பையும் கழற்றாமல் உள்ளே ஊற்றிக் கழுவினார். நாற்றம் போக மாமி தேசிக்காய்ச் சாறு பிழிந்து கொடுத்தார். வீடோ வாகனமோ, தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் எங்களுக்குத் துப்புரவு. அந்தக் கிணறு உவர்க் கிணறு என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

கொஞ்ச நாளில் ஏசிக் காற்று நின்றுவிட்டது. குளிர் நாட்டுக்காரர் சூடு காய்வதற்கு வைத்த ஹீட்டர் ஃபேன்தான் இங்கே ஏசிக் காற்றையும் தள்ளுவது. அது சுற்றாவிட்டால் ஏசி இருந்தும் இல்லை. நானும் மாமாவும் ஃபியூஸை மாற்றினோம். பலனில்லை. ஒரு சின்னப் பல்பில் இரண்டு வயரைக் கட்டி, கரண்ட் எதுவரை வருகிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். சுவிட்ச் வரை வந்தது, அதற்கப்பால் இல்லை. பற்றரியிலிருந்து நேரே கொடுத்தபோது ஃபேன் சுற்றியது. அப்படியானால் கோளாறு இடையில் ஓடும் வயரில். விரிப்பைத் தூக்கினோம். வயர்க்கட்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. மாமிக்காகக் கழுவிய உப்புத் தண்ணீர் ஊறி, தொட்ட இடமெல்லாம் செம்புக் கம்பி பொடியாக உதிர்ந்தது.

மாமா என்னைப் பார்த்தார். கதிரையிலிருந்து மாமி கேட்டார்: "என்னவாம்?"

"எலி கடிச்சிருக்கு," என்றார் மாமா.

"கருவாட்டு வேனுக்கு எலி வராம? இஞ்சருங்க, நீங்க நிக்காஹ் செஞ்சது என்னையா, இந்த வேனையா? எனக்குப் பக்கத்தில இவ்வளவு நேரம் இருந்ததில்லையே."

"இது உன்னைப் போல வாய் காட்டாது."

மாமி சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஒரு இடத்தை வெட்டி ஒட்டினால் இன்னொரு இடம் விட்டுப்போகும். கடைசியில் மாமா பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்து, புது சுவிட்ச் ஒன்று வைத்து, முன்தட்டுகளைத் திரும்பப் பூட்டினார். அஸர் தொழுகை முடிந்ததும் மாமியை முன் சீட்டில் இருத்தி, கண்ணாடிகளை மூடி, சுவிட்சைப் போட்டார். காற்று வந்தது. "வருது, வருது" என்று மாமி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். குழாய்களுக்குள் காய்ந்து கிடந்த கருவாட்டுச் செதிலும் உப்புத் தூளும் சேர்ந்து அவர் முகத்தில் அடித்தன. நாங்கள் கதவைத் திறப்பதற்குள் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாமி ஊர்க் கதையே எடுக்கவில்லை. மாமாவும் வேனுக்குக் கிட்டப் போகவில்லை. ஒருநாள் மட்டும் மாமி என்னிடம் கேட்டார்: "தம்பி, உண்மையா எலிதானா?"

"ஓம் ராத்தா," என்றேன். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த மழைக்காலத்திலேயே மௌத்தானார். தில்லையடி மையவாடியில்தான் அடக்கினோம். இப்போது ஊரில் உள்ள எங்கள் வளவுக்கு உறவுக்காரர் பலர் போய்வருகிறார்கள். மாமா மட்டும் இன்னும் போகவில்லை.

வேனைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடச் சொல்லி மாமா என்னிடம்தான் சாவியைத் தந்தார். கொடுப்பதற்கு முன் நான் அதை இலவங்குளப் பக்கம் திருப்பினேன். தார் முடிந்த இடத்தில் நிறுத்தி, எல்லாக் கண்ணாடிகளையும் இறுக்க மூடினேன். மாமா வைத்த சுவிட்சைத் தொடவில்லை. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்ட, காடு தொடங்கும் வரைக்கும் மெதுவாக ஓட்டினேன். வேனைத் திருப்புவதற்கு முன்னர், மாமி இருந்த பக்கத்துச் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். கண்ணாடிகளை மூடியிருந்தும் விரல்களில் செம்மண் ஒட்டியிருந்தது.