முழங்காலை விசாரித்த குரல்

என் கணவரை எங்கள் கடைவீதியில் சுவர்க்காரர் என்றுதான் சொல்வார்கள். கொத்தனார் என்று நினைத்துவிட வேண்டாம், கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். வாடிக்கையாளர் பாஸ்வேர்டு போட வேண்டிய இடம் வந்ததும் இவர் நகர்ந்து போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். "போட்டாச்சா?" என்று சுவரிடம் கேட்பார். ஆச்சு என்ற பிறகுதான் திரும்புவார். ஒருவர், என்னிடம் என்ன கோடியா இருக்கிறது என்று சிரித்தபடி பாஸ்வேர்டை வாய்விட்டே சொல்லிவிட்டார். அவர் அதை மாற்றிப் போடும்வரை இவர் அடுத்த வேலையைத் தொடவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வேலையையும் தானே செய்து கொடுக்க மாட்டார். வாடிக்கையாளரை நாற்காலியில் உட்கார வைத்து அவர் கையாலேயே செய்ய வைப்பார். அவரவர் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று அவரவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு விஷயத்தை மறுபடி கேட்டால் குரல் ஏறும். அதற்குப் பிறகும் கேட்டால் கடைவீதியே திரும்பிப் பார்க்கும். கை சுத்தம், வாய்தான் மோசம்.

பொறாமைக்காரர் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒருவர் கடை திறந்தார், அவர் திருடன். வாடிக்கையாளர் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் பிரிண்டரை ஓட வைத்துவிட்டார், அவரும் திருடன். இவர் கைபட்ட கம்ப்யூட்டரை வேறு யார் தொட்டாலும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். இத்தனை பேர் மேல் வீசி வீசி அந்தச் சொல்லே தேய்ந்து போய்விட்டது. இப்போதெல்லாம் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எனக்குப் பொறாமை ஒரே ஒருவர் மேல்தான். என் நாத்தனார், இவருடைய அக்கா. கூப்பிடு தூரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். பழைய போட்டோக்களைச் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். கிழிந்தது, பூஞ்சை பிடித்தது, முகத்தில் தண்ணீர்க் கறை விழுந்தது என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்து, காணாமல் போன மூக்கு நுனியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். கெட்டிக்காரர், நான் இல்லையென்று சொல்லவில்லை. இவரைத் தொழில் படிக்க வைத்ததும் அவர்தான். அந்த நன்றிக்காக ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இவர் அக்கா வீட்டில் இருப்பார். அந்த வாரம் சரிசெய்த படங்களையெல்லாம் தனி டிஸ்க்கில் காப்பி எடுக்க வேண்டும். அதுவும் அக்கா கையாலேயே, இவர் பக்கத்தில் நின்று கத்தக் கத்த.

நான் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். வாரமெல்லாம் நின்ற வாக்கில் வேலை. எனக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான். இருந்த அந்த ஒரு நாளையும் இவர் அக்காவுக்குத் தாரை வார்த்துவிட்டார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒரு ஞாயிறு, வர வேண்டாம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாத்தனார் போனில் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறும் அதே. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் புடவையை உடுத்திக்கொண்டு இவரை ஏரிக்கரைப் பூங்காவுக்கு இழுத்துப் போனேன். நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். இவர் பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஏன் கூப்பிடவில்லை என்று ஏரியைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாலை அவருக்குப் பொறுக்கவில்லை. ஏதோ ஒயர் கொடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டுப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். டீயைக் கையில் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தேன்.

அக்கா சொன்னதையும் இவர் பார்த்ததையும் சேர்த்தால் நடந்தது இதுதான். சில வாரங்களுக்கு முன்னால் நாத்தனார் இன்டர்நெட்டில் எதையோ தேடியபோது திரை முழுக்கச் சிவப்பாக ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. வைரஸ் புகுந்துவிட்டது, மெஷினை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று எழுத்து. கூடவே சங்கு ஊதுவது போல ஒரு சத்தம். தம்பியைக் கூப்பிட்டால் எதை அமுக்கித் தொலைத்தாய் என்றுதான் ஆரம்பிப்பான் என்று பயந்து, திரையில் இருந்த எண்ணையே கூப்பிட்டிருக்கிறார். ஒரு தணிந்த குரல் பேசியதாம். நீங்கள் சும்மா உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதாம். ஏதோ ஒரு புரோகிராமை இறக்கச் சொல்லி, அதன் வழியாக மவுஸைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஒரு பட்டியலைத் திறந்து, பாருங்கள், சிவப்புக் குறி எல்லாம் வைரஸ் என்று காட்டியது. துடைத்துவிட்டதாகச் சொல்லி ஒரு வருடத்துக்குப் பணமும் கட்ட வைத்தது. அதிலிருந்து அடிக்கடி கூப்பிட்டு நலம் விசாரிக்கிறது.

இவர் உள்ளே நுழைந்தபோது போன் ஸ்பீக்கரில் அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தது. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. இவர் வழக்கம்போல், திருடன், கட் பண்ணு என்று கத்தியிருக்கிறார். அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாராம்.

"உனக்கு யாருதான்டா திருடன் இல்ல? அவரு ஒரு நாளாவது எம்மேல எரிஞ்சு விழுந்திருக்காரா? உனக்குப் பொறாமை."

"ஆமா, பொறாமைதான். ஆனா அவன் திருடன்தான்."

கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கமே வராதே என்று அக்கா கதவைச் சாத்திவிட்டார்.

"முழங்கால் எப்படி இருக்குன்னு தினமும் கேக்கறானாம்," என்று இவர் டீயைப் பார்த்துச் சொன்னார். அதில் கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து என்னால் அசைக்க முடியாத அக்கா பாசத்தை, முகம் தெரியாத ஒருவன் முழங்காலை விசாரித்தே சாய்த்துவிட்டான். நாத்தனார் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடட்டும், நமக்கென்ன என்று நினைத்தேன்.

அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் இவர் காதில் விழுந்தது இது: அந்தக் கம்பெனியை மூடப் போகிறார்களாம். கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்களாம். மறுநாள் காலையில் கூப்பிடும்போது நாத்தனார் கம்ப்யூட்டரில் பேங்க் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருக்க வேண்டுமாம். மவுஸ் அவன் கையில். அந்தக் கணக்கில் இருப்பது முழங்கால் ஆபரேஷனுக்கென்று நாத்தனார் சேர்த்து வைத்த பணம். ஆஸ்பத்திரியில் தேதிகூடக் கொடுத்துவிட்டார்கள். இவர் போன் செய்து பார்த்தார். அக்கா எடுக்கவில்லை. நான் என்ன சொன்னாலும் பொறாமை என்பாள் என்று சொல்லிவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் பெரிய தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வேறு ஒரு படம் கண்ணில் ஓடியது. பணம் போகும். ஆபரேஷன் நிற்கும். நாத்தனாரால் மாடி ஏற முடியாமல் போகும். இவர் அக்காவைக் கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார். முன்னறையில் கட்டில் விழும். இப்போது ஞாயிறுதான் என் கையை விட்டுப் போகிறது, அப்புறம் திங்கள் முதல் சனி வரையும் போய்விடும். அந்தக் கட்டிலை நினைத்ததும் சட்டென்று எழுந்து, அந்தச் சிவப்புக் குறிப் பட்டியலை எனக்குக் காட்டுங்கள் என்றேன்.

அன்றுதான் முதன்முதலாக அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. இவர் கத்தினார், நானும் பதிலுக்குக் கத்தினேன். ஒரு வழியாக எங்கள் வீட்டு லேப்டாப்பில் அதே பட்டியல் திறந்தது. சிவப்பு, சிவப்பு, அங்கங்கே மஞ்சள். எல்லா மெஷினிலும் இப்படித்தான் இருக்கும், ஒவ்வொரு இருமலையும் தும்மலையும் அது எழுதி வைத்துக்கொள்ளும், வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

ஞாயிறு காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். கதவைத் திறந்த நாத்தனார் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். தனியாக நான் அந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை. மேஜையில் பேங்க் கார்டும் மூக்குக் கண்ணாடியும் எடுத்து வைத்தபடி இருந்தன. திரையில் பாதி சரிசெய்த ஒரு பெண்ணின் படம், ஒரு கண் மட்டும் வந்திருந்தது.

தம்பி அனுப்பினானா என்று கேட்டார். இல்லை என்றேன். லேப்டாப்பைத் திறந்து, முந்தின நாள் கத்திக் கத்திக் கற்றுக்கொண்டதைத் தடுமாறாமல் செய்து காட்டினேன். "அண்ணி, இது உங்க தம்பி தினமும் பாத்துப் பாத்து வெச்சிருக்கற மெஷின். எவ்வளவு சிவப்பு பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். பிறகு தன் கம்ப்யூட்டரிலும் அதைத் திறந்தார். அங்கேயும் சிவப்பு மண்டிக் கிடந்தது. துடைத்துவிட்டேன் என்றாரே என்று முணுமுணுத்தார். ஆனாலும் கார்டை எடுத்து உள்ளே வைக்கவில்லை. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர் எப்படித் திருடனாக இருப்பார் என்று என்னையே கேட்டார்.

அதற்கு மேல் பூசி மெழுக எனக்குப் பொறுமை இல்லை.

"அண்ணி, அவர் ஞாயித்துக்கிழமை ஆனா இங்க ஓடி வர்றது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. இப்பதான் கொஞ்ச நாளா எங்கூட இருக்கார். அந்த ஆள் நல்லவனா இருந்தா என்னைவிட சந்தோஷப்படற ஆளே கிடையாது. அப்படிப்பட்ட நானே சொல்றேன், உங்க தம்பியைக் கூப்பிடுங்க."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்றியா? அப்ப நெசமாத்தான் இருக்கும்."

இத்தனை வருடமாக என் வயிற்றெரிச்சல் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் வண்டியில் பறந்து வந்தார். வந்த வேகத்தில் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார். கத்துவார் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம், கத்தவில்லை. கார்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த பேங்க் எண்ணைக் காட்டி அக்காவையே பேசச் சொன்னார். கார்டையும் கணக்கையும் பேங்க்காரர்கள் நிறுத்தி வைத்தார்கள். முதலில் கட்டியது போனது போனதுதான். ஆபரேஷன் பணம் அப்படியே இருந்தது.

அப்போது போன் அடித்தது. திரையில் பெயர் வந்தது: கம்ப்யூட்டர் தம்பி. அப்படித்தான் நாத்தனார் அந்த எண்ணைச் சேமித்து வைத்திருந்தார். என் கணவர் அதைப் பார்த்தார். எத்தனையோ பேர் மேல் இவர் பொறாமைப்பட்டு நான் பார்த்திருக்கிறேன். இப்படி முகம் சுண்டிப் போய்ப் பார்த்ததில்லை.

எடுக்காதே என்று இவர் சொல்வதற்குள், பழக்க தோஷத்தில் நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"வணக்கம்மா. முழங்கால் எப்படி இருக்கு? ராத்திரி கொஞ்சமாவது தூங்கினீங்களா?"

சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் எதையாவது திறந்து வைத்திருப்பேன்.

"இன்னும் வலிக்குதுப்பா," என்றார் நாத்தனார். சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். இவர் காட்டிக் கொடுக்க, அந்த எண்ணைத் தன் விரலாலேயே தடை செய்தார்.

மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டரைக் கழுவித் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள். பழைய படங்கள் தனி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. குரல் வந்த பிறகு செய்தவற்றைத்தான் காப்பி எடுக்காமல் விட்டிருந்தார். அந்த மெஷினிலிருந்து இனி எதையும் எடுக்கக் கூடாது என்றுவிட்டார் இவர்; அவற்றை நாத்தனார் மறுபடி செய்ய வேண்டும், அந்த ஒற்றைக் கண் பெண்ணையும் சேர்த்து. கடைசியாகப் புது பாஸ்வேர்டு போட வேண்டிய இடம் வந்தது. இவர் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

நாத்தனார் தட்டவில்லை. விரலைக் கீபோர்டின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவன் ஒரு தடவைகூட என்னைத் திட்டலடா," என்றார்.

இவர் திரும்பவில்லை. திரும்பக் கூடாது, பாஸ்வேர்டு இன்னும் போடவில்லை. பின்கழுத்து சிவந்திருந்தது. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"முழங்கால் எப்படிக்கா இருக்கு?"

நாத்தனார் பாஸ்வேர்டைத் தட்ட ஆரம்பித்தார். தட்டும்போது மூக்கை ஒரு முறை உறிஞ்சிக்கொண்டார்.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இவருக்கு அக்கா கிடைத்துவிட்டார், அக்காவுக்கு ஞாயிறு கிடைத்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். மருந்துக் கடையில் வாரமெல்லாம் நிற்கிற இந்தக் காலைப் பற்றி இவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றேன்.

நாத்தனார் அதைப் பார்த்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த போட்டோக் கவர்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரும்மா. உனக்கும் கால் வலிக்குதா?"

அந்த வீட்டில் அதைக் கேட்டிருக்க வேண்டியவர் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.