இரண்டு முறை அழித்த நிழல்

நவம்பர் 16, ஞாயிறு. வழக்கம்போல் ஏழு மணிக்குத் தார்நாகாவில் பஸ் ஏறி, எட்டரைக்குப் பழைய நகரத்தில் நான் வரைந்துவரும் நவாப் மாளிகைக்கு எதிரே உட்கார்ந்தேன். போன ஞாயிறு கோட்டில் வரைந்த உப்பரிகைக்கு இன்று பென்சிலால் நிழல் தீட்ட வேண்டும். அதற்கு நேர் கீழே பூ விற்கும் ரஹீமா பீ, "சாப், என் மூக்கைச் சின்னதாப் போடுங்க" என்று சிரித்தார்.

உப்பரிகை சுவரோடு சேரும் இடத்தில் போன வாரம் மெல்லிய கோடுதான் போட்டிருந்தேன். இன்று கட்டடத்தில் அங்கே விரல் அகலத்துக்கு இருட்டு தெரிந்தது; அப்படியே தீட்டினேன். என் கண்தான் பிசகுகிறது என்று நினைத்து, தீட்டியதை அழித்தேன். மறுபடி தீட்டினேன், அதே அகலம். படம் கெடுகிறதே என்று மறுபடியும் அழித்தேன். இதிலேயே இருபது நிமிடம் போனது.

ரஹீமா பீயின் பூக்கூடையில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தபோதுதான் புரிந்தது. உப்பரிகை சுவரை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

"எழுந்து வாங்க!" என்று கத்தினேன்.

"நக்கோ சாப், வர மாட்டேன், இன்னும் போணிகூட ஆகலை."

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். பத்தடி வந்திருப்போம், பின்னால் கல் விழுந்தது.

"உயிரைக் காப்பாத்திட்டீங்க" என்று அவர் அழுதார். நானோ கட்டடத்தைவிடப் போன வாரம் வரைந்த என் படத்தைத்தான் நம்பியிருந்தேன்.

நவம்பர் 17, திங்கள். காலையில் காபிகூடக் குடிக்காமல் முதலில் ரஹீமா பீயிடம் போய், கல் விழ இருபது நிமிடம் முன்பே அந்த விரிசலைப் பார்த்துவிட்டேன், என் கண் பிசகென்று நினைத்துப் படத்தில் அழித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.