சாக்குப்போட்டு மூடிய கேமரா

மூன்றாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆண்டர்சன்பேட்டையில் தனியாளாக உழைத்து மாடி வீடு கட்டினேன். என்னை ஏமாற்றியவன் எவனும் கிடையாது.

விமானம் விட்டுப்போகும் வெள்ளைக் கோடுகள் பூமியைச் சூடாக்குகின்றனவா என்று ஆராய்வதாகச் சொல்லி, பெங்களூரிலிருந்து ஒரு பெண் என் மொட்டை மாடியில் கேமரா வைத்தாள். நான் நம்பவில்லை. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடியபின் மூன்றுகால் ஸ்டாண்டோடு இங்கே வந்தவர்களெல்லாம் எங்களைக் காலிசெய்ய நிலம் அளந்தவர்கள்தான். அவள் ஊருக்குப் போனதும் கேமராவைச் சாக்குப்போட்டு மூடினேன்.

மூன்று நாள் கழித்து வந்தவள் திகைத்து நின்றாள்.

“இன்னாம்மா பாக்கற? எங்க வூட்டை அளக்கத்தானே வந்த?” என்றேன்.

கேமரா அதுவரை எடுத்திருந்த படங்களைக் காட்டினாள். எல்லாவற்றிலும் வானம் மட்டுமே இருந்தது.

“போவட்டும் அங்கிள். கோடு மேகமாப் பரவுற நாளுக்குத்தான் ரெண்டு மாசமாக் காத்திருக்கேன். இந்த மூணு நாள்ல பரவுச்சா? நீங்க பாத்திருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

பார்த்திருந்தேன். வெயிலே மங்கும்படி பரவியது. அதைச் சொல்ல அவமானமாக இருந்தது.

“இல்லம்மா, உடனே கரைஞ்சுடுச்சு.”

“நல்லவேளை, அப்ப எதுவும் தவறிப்போகல” என்று சிரித்து, நான் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு மறுகேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த வாரமே வேலை முடிந்து போய்விட்டாள். இதை அவள் படித்தால் அந்த வரியை அடித்துவிடட்டும். மூன்று நாளும் பரவியது.