தவராசா அண்ணை விட்டுப்போன ஒரு சொல்

வியாழக்கிழமை காலை தவராசா அண்ணையின் இலக்கத்திலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. வழக்கம்போல் உப்பைப் பற்றியோ மீனைப் பற்றியோ சொல்லப்போகிறார் என்று தேத்தண்ணீரோடு உட்கார்ந்து கேட்டேன். பேசியது அவருடைய மனைவி பரமேசு அக்கா. “தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டாரடா.” அவ்வளவுதான்.

வள்ளங்களின் இயந்திரம் திருத்திய அவரைப் பருத்தித்துறையில் அறியாதவர் இல்லை. செத்தவீட்டுச் சனம் ஐந்து மைல் தள்ளியுள்ள வல்வெட்டித்துறை வரை நின்றது என்றுதான் நான் சொல்லி வருகிறேன்; மறுப்பவர் நேரில் வரலாம்.

இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பின், கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரி மெசினில் இரத்தத்தைச் சுத்திகரித்து வந்தார். அங்கே படுத்தபடியே போனில் தன் சிறுநீரக வருத்தத்தைப் பற்றித் தேடுவார். எழுத்துக் கூட்டி ஆங்கிலம் வாசித்து, தாதியிடம் சரிபார்த்து, நோயாளிகளான எங்கள் வருத்தக்காரர் வாட்ஸ்அப் குழுவுக்குத் தமிழில் சொல்வார். நீரிழிவுக்காரனான நானும் அதில் இருந்தேன். குழுவே என் யோசனைதான் என்றும் சொல்லலாம்.

வடமராட்சியில் முதன்முதல் கைபேசி வாங்கியவன் நான். ஆகவே இளநீரின் மகிமை சொல்லும் அந்த வீடியோவையும் நான்தான் முதலில் கண்டேன். வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போவதா? பனையில் பாதி உயரமான ஒரு குலை செவ்விளநீரோடு போனேன்.

“குடியுங்கோ அண்ணை. சிறுநீரகத்தைக் கழுவுமாம்.”

“ஆர் சொன்னது?”

“டொக்டர். வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கிறார்.”

“கோட்டு எனக்கும் அளவாத்தான் இருக்கும். உது நல்ல சிறுநீரகம் உள்ளவனுக்கடா. உதிலை கிடக்கிற பொட்டாசியம் என்ரை உடம்பை விட்டு வெளியிலை போகாது. நெஞ்சை நிப்பாட்டிப்போடும். பரமேசு, கொண்டந்தவனுக்கே வெட்டிக் குடு!”

குடித்தேன். தாகத்துக்கு ஓர் ஐஸ்கட்டியை வாயில் வைத்தபடி அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் சிவா என்றொரு கடற்றொழிலாளி. ஏதோ வேர்க்கசாய வீடியோவை நம்பி மெசினுக்கு வருவதை நிறுத்திவிட்டான். “கசாயத்தைக் குடிச்சாலும் பறவாயில்லை, மெசினுக்கு வாடா” என்று அண்ணை போனில் மன்றாடினார். “தமிழிலை வடிவாச் சொல்லியிருக்கினம் அண்ணை” என்றானாம். மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவன் முடிந்தான்.

அன்று அண்ணை சொன்னார்: “எங்கடை பாஷையிலை தேடினால் முதல் வாறவன் வியாபாரி. எல்லா வருத்தமும் மாறிச் சுகமாகுமெண்டு சொல்லத்தான் ஆக்கள் இருக்கினம். தெரியாது எண்டு சொல்ல ஒருத்தனும் இல்லை.” அதன்பின், நிச்சயமில்லாத எதைக் கேட்டாலும் “தெரியாது, கேட்டுச் சொல்லுறன்” என்பார். கேட்டுச் சொல்வார்.

அவருக்குக் கடைசியில் நெஞ்சுதான் நின்றது. இளநீர் குடிக்கவில்லை. ஒரு பத்தியமும் மீறவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று பரமேசு அக்கா அவருடைய போனை என்னிடம் நீட்டினார். “சனங்கள் ஓயாமல் கேள்வி கேக்குதுகள் தம்பி. உனக்குத்தானே எல்லாம் தெரியும்.”

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய். மரணச் செய்தி அறியாதவர். “அண்ணை, பிள்ளைக்குப் பொட்டாசியம் கூடவாம். முருங்கையிலை குடுக்கலாமோ? அடுப்பிலை வைச்சிட்டன்.”

முருங்கையிலையின் மகிமை பற்றி நான் ஒரு மணித்தியாலம் பேசுவேன். விரல் ஓடவில்லை. “தெரியாது. இறக்கி வையுங்கோ. கிளினிக்கிலை கேட்டிட்டுக் குடுங்கோ” என்று எழுதினேன்.

“சரி அண்ணை, இறக்கிட்டன்” என்று பதில் வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல். இதில் ஓர் எழுத்தும் நான் கூட்டவில்லை.