லிஃப்ட்காரர் கார் தேடிய கதை

எனக்கு நன்றி சொல்ல வராது. திட்டத்தான் வரும். பதினெட்டு வருஷமாக மருந்துக் கடை கவுண்ட்டரில் நின்று, டாக்டர்கள் கிறுக்கியதைப் படித்து, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா" என்று ஒரே ஆள் நாலு தடவை கேட்டால் நாலு தடவையும் பதில் சொல்லி வந்த குணம் இது. ஆனால் இந்தக் கதையில் நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆகவே திட்டிக்கொண்டே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரரை எங்கள் பகுதியில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஆஸ்பத்திரிக்கு உடம்பு சரியில்லாத சொந்தக்காரரைப் பார்க்கப் போனாலும், நோயாளியை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் லிஃப்ட்டுக்குள் நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். "மேல ஒரு பேரிங் அழுவுது" என்பார். அதைச் சொல்லிவிட்டு ஐந்து மாடியும் என்னைப் படியில் ஏற்றுவார். வேலை நேரம் முழுக்க மேலும் கீழுமாகப் போய் வந்தவருக்குத் தரையில் வேகமாகப் போகவேண்டும் என்ற எண்ணமே இருந்ததில்லை. அவர் கார் ஓட்டினால் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்துக்குள் ஏணி வைத்து இறங்கினார். கடைசிப் படிகளில் இடது கால் வழுக்கியது. விழுந்தது ஆறடிதான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே ஒரு தகடு, ஒன்பது ஸ்குரூ. எட்டு மாசம் வீட்டோடு கிடந்தார்.

கம்பெனி அவரைக் கைவிடவில்லை, அவர்களுக்கும் ஒரு நன்றி. நாற்காலி போட்டு, காதில் போன் மாட்டி, புகார் வாங்கும் வேலை கொடுத்தார்கள். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "ஒண்ணும் ஆகாதுங்க, அந்தப் பெட்டி உங்கள விழ விடாது" என்று நிதானமாகச் சொல்வார். அதே வார்த்தையைத் தன் காலிடம் சொல்ல அவருக்கு வரவில்லை. பிசியோதெரபி பார்த்த பெண் ஒருநாள் கையை உதறிவிட்டுச் சொன்னாள்: "சார், கால் சரியாயிடுச்சு. இனிமே அதுகிட்ட வேலை வாங்கறது உங்க பாடு."

அவர் வாங்கவில்லை. படி ஏறினால் வலது கால், இறங்கினால் கைப்பிடி. எங்களிடம் இருப்பது சின்ன ஆட்டோமேட்டிக் கார், அதில் இடது காலுக்கு வேலையே கிடையாது. அதை மட்டும் ஓட்டுவார். ஒருமுறை என் தம்பியின் டயர்க் கடை வண்டியில் ஏறி கிளட்ச்சை மிதித்தவர், அப்படியே இறங்கி வந்து, சட்டையெல்லாம் நனைய, "இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. நடக்கமுடிகிற மனிதர் நடக்கப் பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது, நடக்கமுடியாதவரைப் பார்ப்பதைவிடக் கஷ்டம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போது என் தம்பி ஒரு வேலை செய்தான். கார் பந்தயத் தடம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே வருஷத்தில் சில நாள், யார் வேண்டுமானாலும் பணம் கட்டித் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. என் தம்பி அங்கே டயர் மாற்றிக் கொடுக்கப் போவான். ஒரு சனிக்கிழமை இவரையும் கூட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்னு இருக்கேன்."

நான் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"லீவு நாள்ல நாம ரெண்டு பேரும் எங்கயாவது போய்ட்டு வரலாம். வருஷத்துக்கு மூணு தடவை அங்க ஓட்டலாம். எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் ஓட்டறார். ஹெல்மெட்டக் கழட்டினா காதுல மெஷின்."

"உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்றேன். பிறகு தம்பிக்குப் போன் போட்டு அவனுக்குத் தனியாக ஒரு பாட்டு.

அவன் அசரவில்லை. "அக்கா, மாமா ரெண்டு வருஷத்துல வாயத் தொறந்து ஏதாவது வேணும்னு கேட்டிருக்காரா?"

நான் போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது சரி என்றால் நான் செய்வது அதுதான். அன்றிரவே ஒரு நிபந்தனை போட்டேன்: ஆட்டோமேட்டிக் மட்டும்தான். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஒற்றைக் காலில் நிற்பார் என்று எதிர்பார்த்த எனக்கு, அவர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது கொஞ்சம் உறுத்தியது.

தம்பிக்கு என் நிபந்தனை பிடிக்கவில்லை. "லீவு நாளுக்கும் ட்ராக்குக்கும்னா எடை கம்மியா இருக்கணும், பிரேக் நல்லா இருக்கணும், பார்ட்ஸ் சுலபமா கிடைக்கணும். அழகு கடைசி. அந்த மாதிரி வண்டியெல்லாம் பெரும்பாலும் கியர் வண்டிதான். மாமா எல்லாத்தையும் பாக்கட்டும்கா. பாத்தா என்ன, தேஞ்சா போயிடும்?" என்றான்.

அப்படியே நாலு வாரம் பார்த்தார்கள். நானும் கூடவே போனேன், இல்லாவிட்டால் ஆண்கள் இருவரும் எதையாவது தலையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். முதல் கார் சிவப்பு. விற்றவர் அதைப் பற்றித் தேன் ஒழுகப் பேசினார், தம்பி தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தான், கீழே தண்ணீர். அதை விட்டோம். அதற்குப் பிறகு பார்த்த மூன்று கார்களைத் தம்பி நன்றாக இருக்கிறது என்றான். இவர் மூன்றையும் வேண்டாம் என்றார். காரணம் கேட்டால் "உடம்பு நடுங்குது" என்பார். காருடைய உடம்பைச் சொல்கிறார் என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

ஐந்தாவது கார் ஒரு பல் டாக்டர் அம்மாவுடையது. அவருடைய வீட்டு ஷெட்டில் நீல நிறத்தில், இரண்டே சீட்டோடு, இடுப்பு உயரத்துக்கும் தாழ நின்றது. தம்பிக்கு வாயெல்லாம் பல். இவர் உள்ளே உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு இரும்புத் தகடு ஒன்றை எடுத்துக் காலடியில் வைத்தார். அதன்மேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தினார். நாணயம் உடனே விழுந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, "இதுவும் நடுங்குது" என்றார்.

வழியில் பிடித்துக்கொண்டேன். "என்னங்க அது காசு?"

லிஃப்ட் வேலையில் அது வழக்கமாம். பழுது பார்த்து முடித்ததும் பெட்டியின் தரையில் நாணயத்தை நிற்க வைத்து, கீழிருந்து உச்சி மாடிவரை போவார்கள். நாணயம் விழாமல் வந்தால் வேலை சுத்தம். நாலு வாரமாக ஸ்போர்ட்ஸ் கார்களை இந்த மனிதர் லிஃப்ட் என்று நினைத்துச் சோதித்திருக்கிறார். என் தம்பி வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளி நிறக் கார். ஆட்டோமேட்டிக். நாணயம் காவல்காரர் மாதிரி நின்றது. இவர் முகத்தில் ஒரே நிம்மதி. தம்பி மட்டும், "மாமா, இது சோஃபா. ட்ராக்ல ரெண்டு சுத்து விட்டா பிரேக் கொதிச்சுப் போயிடும்" என்று முனகினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

என் வீட்டுக்காரரிடம் ஒரு பழக்கம். வேண்டாம் என்றால் அதையும் காரணத்தோடு சொல்லிவிடுவார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பல் டாக்டருக்குப் போன் போட்டு, நாணயம் விழுந்ததை மரியாதையாகச் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு நிற்கவே இல்லை.

"சார், அது விழத்தான் செய்யும். வளைவுல எஞ்சின் ஆடக்கூடாதுன்னு கெட்டியான ரப்பர் வெச்சு இறுக்கிப் பிடிச்சிருக்கு. அதான் அந்த நடுக்கம். வண்டி ஆரோக்கியமா இருக்கு. ஒரு தடவை ஓட்டிட்டு வேண்டாம்னு சொல்லுங்களேன்."

இவர் கை தானாக இடது முட்டிக்குப் போனது. எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நாணயம் விழுந்த கார்கள் எல்லாமே கிளட்ச் வைத்தவை. நாலு வாரமாக அவர் எதிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தார் என்று அவருக்கே தெரியாது, எனக்கும் தெரியவில்லை. தப்பிக்கும் வழியை நிபந்தனை என்ற பெயரில் போட்டுக் கொடுத்தவளே நான்தான். போனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"டாக்டர், நாளைக்கு வரோம்" என்றேன்.

பல் டாக்டர் அறுபதைத் தொடுகிறவர், குட்டை முடி, கழுத்தில் பட்டை. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதால் காரை விற்கிறார். காரின் வரலாற்றை நோயாளியின் பல் வரிசை மாதிரி படம் போட்டு, நாலு சக்கரத்துக்கும் எண் கொடுத்து எழுதி வைத்திருந்தார். எதையும் பூசி மெழுகவில்லை. "பின்னாடி இடது பக்கம் எண்ணெய் லேசா கசியுது. குளிர்ல மூணாவது கியர் முரண்டு பண்ணும். மழைல கூரை ஒழுகும். ஒரு தடவை ட்ராக்கை விட்டு விலகி ஓரத்துச் சரளைக்குள்ள விட்டிருக்கேன், அடில உரசல் இருக்கு, குனிஞ்சு பாருங்க. கிளட்ச் கனம்." அதற்குப் பிறகு இவருடைய நடையைப் பார்த்தார். "எந்தக் கால்?"

"இடது."

"ஐயோ பாவம்" என்று அவர் சொல்லவில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி. "சனிக்கிழமை ட்ராக்ல எனக்குக் கடைசி நாள். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், நீங்க ஓட்டுங்க. ரோட்ல ஓட்டினா காரைப் பத்தி உங்களுக்கும் தெரியாது, உங்களப் பத்தி காருக்கும் தெரியாது" என்றார்.

சனிக்கிழமை தடத்துக்குப் போனோம். கொடி வைத்துக்கொண்டு நிற்பவர்கள், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ். எல்லாவற்றையும் எண்ணி வைத்துக்கொண்டேன். தம்பி டயரில் காற்றைச் சரிபார்த்தான். ஹெல்மெட் போட்டதும் என் வீட்டுக்காரர் யாரோ மாதிரி ஆகிவிட்டார், கண் மட்டும்தான் அவருடையது. அந்தக் கண்ணில் பயம் இருந்தது. தம்பியின் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. பின்னால் நாலைந்து கார்கள் காத்திருந்தன. கதவு திறந்து இவர் இறங்கிவிடுவார் என்றே நினைத்தேன். கால் முட்டிக்குக் கீழே தனியாக உதறிக்கொண்டிருந்ததாம், பிறகு சொன்னார். பல் டாக்டர் திரும்பிப் பார்க்காமல், தன் நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம் பேசுகிற குரலில், "வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடலாம்" என்றாராம். முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்திருக்கிறது. இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கிளட்ச்சை விட்டிருக்கிறார். கார் வழுக்கிக்கொண்டு போனது.

ஐந்து சுற்று. பதினொரு கார்கள் அவரை முந்தின. ஒவ்வொருவருக்கும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார், ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சருக்கு இடம் விடுவதுபோல. முதல் சுற்றில் கியர் மாற்றும்போதெல்லாம் எஞ்சின் கத்தியது. மூன்றாவது சுற்றில் கத்தவில்லை. ஐந்தாவது சுற்றில் நேர்ப்பாதையில் எங்களைக் கடந்தபோது, அது என் வீட்டுக்காரர் ஓட்டும் கார் என்று சத்தியம் செய்தாலும் எங்கள் தெரு சைக்கிள்காரர்கள் நம்ப மாட்டார்கள். தம்பி என் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று அவன் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான். அழுதேன்தான், அதற்கு என்ன இப்போ?

உள்ளே வந்து நிறுத்தினார்கள். டாக்டர் கழுத்தைப் பிடித்தபடி இறங்கினார். இவர் இறங்கவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை.

இரண்டு வருஷமாக அவர் என்னிடம் சொன்னதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் பிடிச்சுக்கோ. கூட வா. பக்கத்துலயே இரு. பாத்ரூம் கதவைக்கூட உள்ளே தாழ்ப்பாள் போடமாட்டார். நானும் பக்கத்திலேயே இருந்தேன், ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது எவ்வளவு கனமாக இருந்தது என்று இறக்கி வைத்தபோதுதான் தெரிந்தது.

"நீ இங்கயே இரு," என்றார். "நான் தனியா ஒரு சுத்து போய்ட்டு வரட்டுமா?"

"போய்ட்டு வாங்க" என்றேன். 

போனார். ஒரு சுற்று முடிந்து எங்களைக் கடந்தார், நிற்கவில்லை. இரண்டாவது சுற்றிலும் நிற்கவில்லை. நான் பல் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நன்றி என்ற வார்த்தை அப்போதும் வாயில் வரவில்லை. அவருக்குப் புரிந்திருக்கவேண்டும், கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அப்போ காரை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார்.

"முதல்ல அவர் இறங்கட்டும் டாக்டர், கேட்டுச் சொல்றேன்" என்றேன். இரண்டு பேரும் தடத்தைப் பார்த்தபடி நின்றோம். அவர் மூன்றாவது சுற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்.