தாயில்பட்டிக்குப் புத்தி சொல்லப் போனேன்

போன ஆவணியில் தங்கச்சி மாப்பிள்ளை முருகேசன் போன் போட்டான். "மச்சான், ஒரு எட்டு வந்து உங்க தங்கச்சிக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்க." பட்டாசுக் கம்பெனியில் அவள் இருந்த அறைக்குப் பக்கத்து அறை வெடித்து நாலு மாதம். தங்கச்சி முனீஸுக்குக் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கம், பசி, பேச்சு எல்லாம் போய்விட்டன.

மதுரையிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து தாயில்பட்டிக்கு டவுன் பஸ். தீபாவளி சீசனில் உட்கார இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையை முருகேசன் பத்தே நாளில் நிறுத்தியிருக்கிறான்! "அதப் போட்டா பகலெல்லாம் தூங்கி விளுதா மச்சான். பக்கத்து வீட்டுப் பேச்சியும் அன்னைக்கு இவகூடத்தான் இருந்தா. மறு வாரமே வேலைக்குப் போயிட்டா. இவளுக்குத் தைரியம் பத்தல."

மறுநாள் காலை மூவரும் வாடகைக் காரில் விருதுநகர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். நாற்பது கிலோமீட்டர் சொச்சம், போக வர இரண்டாயிரம் ரூபாய். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மூளையில் 'ஆபத்து' என்று அலறும் பகுதி ஒன்று, 'போதும்' என்று அதை அடக்கும் பகுதி ஒன்று. அதிர்ச்சியில் சுரக்கும் ஹார்மோன் மாதக்கணக்கில் குறையாமல் இருந்தால் அடக்கும் பகுதி தளர்ந்துபோகும். சிலருக்கு அது தாக்குப்பிடிக்கும். பிறவிக்கூறு, முன்பு பட்ட அடி, கிடைக்கிற ஆதரவு எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது என்றார். முருகேசன் நன்றாகத் தலையாட்டினான்.

ஊர் வந்து காரைவிட்டு இறங்கியதும் பழைய பல்லவி. "அப்ப பேச்சிக்கு மட்டும் வேற மூளையா?"

"ஆமாய்யா, வேற மூளைதான்!" என்று கத்திவிட்டேன்.

வேலை முடிந்து வந்த பேச்சி அதைக் கேட்டுவிட்டாள். கைகூடக் கழுவாமல் வந்து முருகேசன் முன்னால் நின்றாள். "அண்ணே, எனக்கு ஏன் தூக்கம் வருது, அவளுக்கு ஏன் வரலேன்னு எனக்கே தெரியாது. நான் ஒண்ணும் சாதிச்சுப்புடல. இனிமே எம்பேரச் சொல்லி அவள ஏசுனீக, நாளையிலருந்து நான் வேலைக்கே போகல. அப்ப யாரக் காட்டுவீக?"

முருகேசன் கையிலிருந்த மாத்திரைப் பையை வாங்கி முனீஸிடம் கொடுத்தாள் பேச்சி.

வெடித்த அறைக்கு வெள்ளையடித்து, பூஜை போட்டுத் திறந்தாகிவிட்டது. இவள் மட்டும் ஏன் இன்னும் தேறவில்லை என்று ஊரே கேட்கிறது. வெட்கமாக இல்லை?

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு: புறநோயாளிச் சீட்டைக் காலையிலேயே போட்டுவிடுங்கள். பழைய மாத்திரை அட்டை கையில் இருக்கட்டும். துணைக்கு ஆள் வேண்டும், அறிவுரைக்கு வேண்டாம்.

முனீஸ் இன்னும் வேலைக்குப் போகவில்லை. மாத்திரை தவறுவதில்லை. இப்போது போனை எடுக்கிறாள். யாராவது தைரியம், கிய்ரியம் என்று ஆரம்பித்தால் பட்டென்று வைத்துவிடுகிறாள். வைக்கட்டும்.