சம்பந்தியம்மாவுக்கு ஒரு பை

விலா எலும்பாகப் பார்த்துத்தான் குல்யாஷ் எடுப்பார். ஆட்டுக்கறித் தட்டு வந்ததும் மற்றவர்கள் கொழுப்புத் துண்டைத் தேட, அவர் முனை கூராக வெட்டுப்பட்ட எலும்பைத் தேடுவார். கைப்பையிலிருந்து ஒரு மங்கலான பையை உருவி, எலும்பைச் சுடச்சுட உள்ளே போட்டு, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக் நாலைந்தும் ஒரு பிடி மிட்டாயும் சேர்த்து, காதைப் பிடித்துத் தூக்கி மூன்று உலுக்கு உலுக்குவார். "பாத்தியா, கிழியல!" என்று பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. அவர் யார் எவர் என்பதெல்லாம் பிறகுதான்.

கஜகஸ்தானின் அல்மாட்டியில் விருந்துக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மீந்ததைச் சர்கித் என்று கட்டிக் கொடுப்பார்கள்; அந்த வீட்டு வாழ்த்தும் கூடவே வரும் என்று நம்பிக்கை. வாழ்த்து அன்றைக்கே தீர்ந்துவிடும், கட்டிய பிளாஸ்டிக் பைதான் தலைமுறை தலைமுறையாய் மண்ணில் கிடக்கும். குல்யாஷ் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சோளத்திலிருந்து பிளாஸ்டிக் செய்கிறார்கள். அதற்கு மக்கத் தெரியும், சுமக்கத் தெரியாது. ஆகவே ஒருவகை வெள்ளைக் களிமண்ணைச் சேர்க்கிறார்கள். அதன் ஒவ்வொரு துகளும் ஒரு குழல், தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லியது. கான்கிரீட்டுக்குள் கம்பி செய்கிற வேலையை அவை செய்கின்றன. கலந்து, உருக்கி, குமிழியாக ஊதிப் பையாக்குவது குல்யாஷ்.

இழுத்துப் பார்க்கும் கருவி ஒன்று அங்கே உண்டு. அதை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. "அது ஒழுங்கா நேரா இழுக்கும். எங்க நாத்தனார் பையத் தூக்கிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாளே, அப்படி இழுக்குமா?" என்பார். அவரில் பாதி வயதுள்ள தலைவர் டவுலெட், "எதுக்கும் அந்த நம்பரையும் எழுதிக் குடுத்துடுங்கக்கா" என்று கெஞ்சுவார்.

இப்படிப்பட்டவர் மகள் தோக்ஜானின் நிச்சய விருந்தில் கோட்டை விட்டார். நூற்றுக்கு மூன்று பங்கு களிமண் என்பது கணக்கு. "சம்பந்திக்குப் போய் அளந்து போடுவாங்களா? ஊரு சிரிக்காது?" என்று பத்துப் பங்கு அள்ளிப் போட்டுவிட்டார். விருந்தாளியின் தட்டில் மலைபோல் குவித்தே பழகிய கை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. குழல்கள் பரவாமல், சரியாகக் கரைக்காத மாவுபோலக் கட்டிதட்டிப் போயின. அந்தப் பையை மட்டும் உலுக்கியும் பார்க்கவில்லை.

வாசலில், எல்லார் எதிரிலும், சம்பந்தி பிபிசாராவின் கையில் பை பிளந்தது. கறியும் நெய்யும் அவருடைய புது வெள்ளைக் காலணியில். சர்கித் தரையில் விழுந்தால் யார்தான் நல்ல சகுனம் என்பார்கள்?

"இது பையா, சல்லடையா சம்பந்தி?" என்றார் பிபிசாரா. யாரும் சிரிக்கவில்லை.

"கல்யாணத்துக்கும் உன் பையக் கொண்டுவந்தியோ, அந்த வீட்டுல நான் தலை நிமிர முடியாதும்மா" என்றாள் தோக்ஜான். குல்யாஷ் அன்று சமையலறையில் அழுதார். கடைப் பையில் கட்டிக் கொடுத்தால், தன் பை எதற்கும் உதவாது என்று தானே ஊருக்குச் சொன்னதாகிவிடுமே! கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் பேரம் பேசினார். "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் கிழிஞ்சா, செத்தாலும் எந்த விருந்துக்கும் என் பைய எடுத்துட்டு வரமாட்டேன்."

கல்யாணத்துக்கு முந்திய வாரம் களிமண்ணை நன்றாகக் காயவைத்து இரண்டு முறை சலித்தார். மூன்று பங்கு போட்டாயிற்று. கை மறுபடி டப்பாவுக்குள் போனது.

"அக்கா! மூணுன்னா மூணு" என்றார் டவுலெட்.

"கஞ்சப் பிசினாறி! உன் மாமியாருக்குன்னாலும் இப்படித்தான் எண்ணி எண்ணிப் போடுவியா?" என்று திட்டிக்கொண்டே கரண்டியை அவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

பெண்ணை அனுப்பிவைக்கும் நாளில் பிபிசாரா தன் பங்குக்கு இரண்டு கடைப் பைகளோடு வந்திருந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. இதுவும் புதுச் செருப்புதான்."

"கார் வரைக்கும் என்னுதுல தூக்குங்க. விழுந்தா நானே குனிஞ்சு பொறுக்குறேன்."

பிபிசாரா கடைப் பைகளை ஓரமாக வைத்தார். "அப்ப நான்தான் கட்டுவேன்" என்று தட்டிலேயே பெரிய விலாத் துண்டாகப் பொறுக்கி, கூர்முனை கீழே இருக்கும்படி வைத்தார். அதற்கு மேல் குதிரைக்கறி, பவுர்சாக், பாதித் தர்பூசணி.

காருக்கு ஒன்பது படி இறங்க வேண்டும். பிபிசாரா பையோடு முன்னே போக, குல்யாஷ் ஓர் அடி பின்னால், இரண்டு உள்ளங்கைகளையும் பைக்கு அடியில் ஏந்தியபடியே இறங்கினார். நாலாவது படியில் பிபிசாரா நின்று திரும்பினார்.

"உங்க பைய நீங்களே நம்பலைன்னா நான் எப்படி சம்பந்தி நம்புறது?"

குல்யாஷ் கைகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மிச்சமிருந்த ஐந்து படிகளையும் அப்படியே இறங்கினார்; பை கிழியாமல் காருக்குள் போயிற்று.